தீயை எழுதினார்கள், புகையை எழுதவில்லை

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், புதன்கிழமை, பெருங்குடியில் உள்ள சென்னை மாநகராட்சியின் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. சுமார் 225 ஏக்கர் பரப்புள்ள கிடங்கு அது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பில் பல பத்தாண்டுகளாகக் கொட்டிக் கொட்டி மேடாகிப்போன இடம். தீ பல நாள் நீடித்தது. வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, துரைப்பாக்கம் என்று சுற்றுப்புறம் முழுவதும் புகை பரவியது. முதல் நாள் இதே நிலை தில்லிக்கும் நேர்ந்திருந்தது. அங்கே பால்ஸ்வா குப்பை மேடு ஏப்ரல் 26இல் தீப்பற்றியது.

நாங்கள் குடியிருப்பது மடிப்பாக்கத்தில். கிடங்கிலிருந்து நேர்க்கோட்டில் மூன்று, மூன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். அந்தச் சில நாள்களில் கிடைத்த நாளிதழ்கள் எல்லாவற்றையும் படித்தேன். தொலைக்காட்சிச் செய்திகளைத் தவறாமல் பார்த்தேன். பொழுதுபோக்குக்காக அல்ல. என் மாமியாருக்கு இளைப்பு நோய் உண்டு. ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா என்ற ஒரே ஒரு கேள்விக்கு எனக்கு விடை வேண்டியிருந்தது.

அந்த விடை செய்திகளில் கிடைத்ததா என்பதே இக்கட்டுரையின் பொருள். எந்த இதழையும் பெயர் சொல்லிக் குறை கூறுவது நோக்கம் அன்று. எல்லாச் செய்திகளிலும் திரும்பத் திரும்ப வந்த நான்கு தொடர்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் அறிவியல் எவ்வளவு, வெறும் சொல் எவ்வளவு என்று பார்ப்போம்.

முதல் தொடர்: ‘வெயிலின் தாக்கத்தால் மீத்தேன் வாயு தானாகத் தீப்பற்றியது’

குப்பைக்குள் காற்றுப் புகாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைச் சிதைக்கின்றன. அப்போது வெளிப்படும் வாயுவில் ஏறக்குறையப் பாதி மீத்தேன், பாதி கார்பன் டையாக்சைடு. மீத்தேன் எரியும் வாயுதான், ஐயமில்லை. ஆனால் அது எரிய இரண்டு நிபந்தனைகள் உள்ளன. காற்றில் அதன் அளவு 5 முதல் 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அடுத்து, யாராவது பற்றவைக்க வேண்டும். அல்லது வெப்பநிலை 500 டிகிரி செல்சியசைத் தாண்ட வேண்டும். சென்னையின் சித்திரை வெயில் 40 டிகிரி. நாற்பதுக்கும் ஐந்நூறுக்கும் இடையே உள்ள தொலைவைச் செய்தி ஒரே தாவலில் கடந்துவிட்டது.

அந்த இடைவெளியில்தான் உண்மையான கேள்விகள் உள்ளன. குப்பை தன் சூட்டிலேயே வெந்து கனலக்கூடும். ஈரமான வைக்கோற்போர் உள்ளே சூடேறிப் புகைவதைக் கிராமத்தில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். குவியலின் ஆரம் இரு மடங்கானால் கனஅளவு எட்டு மடங்காகிறது. மேற்பரப்போ நான்கு மடங்குதான். வெப்பம் உண்டாவது கனஅளவுக்கு ஏற்ப. வெளியேறுவது பரப்புக்கு ஏற்ப. எனவே குவியல் பெருக்கப் பெருக்கச் சூடு உள்ளேயே தங்குகிறது. இது ஒரு வழி. குப்பையில் வந்து சேர்ந்த கைபேசி பேட்டரி நசுங்கித் தீப்பொறி எழுவது இன்னொரு வழி. அணைக்காமல் எறிந்த பீடித்துண்டு மற்றொரு வழி. இவற்றுள் எது என்பதை ஆராய்ந்துதான் சொல்ல முடியும். ‘மீத்தேன் தானாகப் பற்றியது’ என்று எழுதிவிட்டால் ஆராய வேண்டிய தேவையே இல்லாமற் போகிறது. குற்றவாளி ஒரு வாயு. அதை யார் கூண்டில் ஏற்றுவது?

இரண்டாம் தொடர்: ‘தீ கட்டுக்குள் கொண்டுவரப்பட்டது’

இந்தத் தொடர்தான் எங்கள் வீட்டில் விளையாடியது. மூன்றாம் நாள் மாலை தொலைக்காட்சியின் அடியில் இது ஓடிற்று. இரண்டு நாளாக ஜன்னல்களை அடைத்துவிட்டு மின்விசிறியின் வெந்த காற்றில் கிடந்திருந்தோம்.

“ஏம்மா, அணைஞ்சிடுச்சுன்னு போடறானே, கொஞ்சம் திறந்து விடேன், மூச்சு முட்டுது” என்றார் மாமியார்.

“சரி அத்தை” என்று நானே போய்க் கூடத்து ஜன்னலையும் அவர் அறை ஜன்னலையும் திறந்தேன்.

விடியற்காலை நான்கு மணிக்கு அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். அறை முழுவதும் எரிந்த நெகிழியின் நெடி. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போய், நெபுலைசர் வைத்து, அவர் முகம் தெளிந்தபோது மணி ஆறரை. அன்றைய தவறு செய்தியுடையது மட்டும் அன்று, என்னுடையதும்தான். ஏனென்றால் அந்தத் தொடரில் இருந்த பிழையை வகுப்பில் நானே பலமுறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

வீட்டில் மாலையில் ஏற்றும் விளக்கை நினைத்துப் பாருங்கள். சுடர் நிமிர்ந்து எரியும்போது புகை தெரிவதில்லை. அதை அணைத்ததும் திரியிலிருந்து வெண்புகை நெளிந்து எழுகிறது. சுடர் இருக்கும்வரை எண்ணெய் ஆவி எரிந்து பெரும்பாலும் நீராவியாகவும் கார்பன் டையாக்சைடாகவும் மாறிவிடுகிறது. சுடர் போனபின் திரியின் சூட்டில் ஆவி எழுகிறது. எரிக்க ஆள் இல்லை. குப்பை மேட்டிலும் இதுவே நடந்தது. சுடர்விட்டு எரிவது ஒரு வகை. கனன்று புகைவது வேறு வகை. ஒரே அளவு பொருள் கனலும்போது வெளியாகும் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும், சுடராக எரியும்போது வெளியாவதைவிட அதிகம்.

தீயணைப்பு வீரருக்குச் சுடர் அடங்கியது உண்மையிலேயே வெற்றிதான். தீ இனிப் பரவாது என்பது அதன் பொருள். ஆனால் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இளைப்பு நோயாளிக்கு, அதுவே மோசமான இரவின் தொடக்கமாக இருக்கலாம். ஒரே தொடர் இருவருக்கும் ஒரே பொருளைத் தராது. எந்தச் செய்தியும் இதைப் பிரித்துச் சொல்லவில்லை.

தண்ணீர் ஊற்றியும் ஏன் அணையவில்லை என்ற கேள்விக்கும் விடை இதில் உண்டு. ஒரு கிலோ பாலிதீன் முழுதாக எரிந்தால் சுமார் 46,000 கிலோஜூல் வெப்பம் பிறக்கும். 30 டிகிரியில் உள்ள ஒரு கிலோ தண்ணீர், கொதித்து முழுதும் ஆவியாவதற்குள் உறிஞ்சுவது சுமார் 2,550 கிலோஜூல். ஆக, ஒரு கிலோ பாலிதீனுக்குப் பதினெட்டு கிலோ தண்ணீர் தேவை. அதுவும் ஒரு துளிகூட வீணாகாமல் கனலின் மேலேயே விழுந்தால்! குப்பை மேட்டில் தண்ணீர் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்து ஓடிவிடும். அதனால்தான் எந்திரங்களைக் கொண்டு குப்பையைக் கிளறிப் பரப்பி நனைக்க வேண்டியிருக்கிறது. கிளறும்போது உள்ளிருந்த புகை வெளியே வரும். அன்று புகை கூடும் என்பதை முன்கூட்டியே அக்கம்பக்கத்துக்குச் சொல்லியிருக்கலாம்.

மூன்றாம் தொடர்: ‘விண்ணை முட்டும் கரும்புகை’

படம் எடுப்பவருக்குக் கரும்புகை வேண்டும். 2017ஆம் ஆண்டு மே 31இல் தியாகராய நகரில் ஏழு மாடித் துணிக்கடை எரிந்தபோதும் நாம் மணிக்கணக்கில் பார்த்தது அதைத்தான். அச்சுறுத்தும் படம் எதுவோ அதுவே ஆபத்தான புகை என்று நம் கண் முடிவு செய்துவிடுகிறது. இயற்பியல் அப்படிச் சொல்வதில்லை.

2005ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்டு என்னும் இடத்தில் எண்ணெய்க் கிடங்கு வெடித்துத் தீப்பற்றியது. அமைதிக் காலத்தில் ஐரோப்பா கண்ட மிகப் பெரிய தீ என்று அதைக் குறிப்பிட்டார்கள். புகைமுகில் விண்கோள் படங்களில் தெளிவாகத் தெரிந்தது. மக்கள் நடுங்கினார்கள். ஆனால் ஆய்வு விமானத்தைப் புகைக்குள் பறக்கவிட்டும், தரையில் கருவிகளை வைத்தும் அளந்தபோது, தரைமட்டக் காற்று அஞ்சிய அளவுக்குக் கெடவில்லை என்று தெரிந்தது. புகை மேலே போய்விட்டது.

காரணம் எளிய கணக்கு. ஒரே அழுத்தத்தில் வாயுவின் அடர்த்தி, தனிவெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். சுற்றுக் காற்று 300 கெல்வின் என்று கொள்வோம். பெருந்தீயிலிருந்து எழும் வாயு 900 கெல்வின் என்றால் அதன் அடர்த்தி காற்றில் மூன்றில் ஒரு பங்கு. பலூன்போல மேலே பாயும். கனலும் குப்பையின் புகை 330 கெல்வின் என்றால் அடர்த்தி காற்றில் 91 விழுக்காடு. அதற்கு ஏறத் தெம்பில்லை. தவழ்ந்து வீட்டுக்குள் வருகிறது. 2009ஆம் ஆண்டு அக்டோபர் 29இல் ஜெய்ப்பூர் சீதாபுராவில் எரிந்த எண்ணெய்க் கிடங்கின் கொழுந்தும், பெருங்குடியின் வெளிறிய புகையும் ஒரே வகை ஆபத்து அல்ல. முன்னது அருகில் நிற்பவனைக் கொல்லும். பின்னது தொலைவில் தூங்குபவனைத் தேடி வரும்.

இரவு இந்தச் சிக்கலை இன்னும் பெருக்குகிறது. பகலில் தரை சூடாகிக் காற்று மேலும் கீழும் கலக்கிறது. இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கீழேயே தங்கிவிடுகிறது. மேலே உள்ள காற்று அதைவிட வெதுவெதுப்பாக ஒரு மூடிபோல அமர்ந்துகொள்கிறது. புகை கலக்கும் உயரம் பகலில் ஆயிரம் மீட்டர், இரவில் நூறு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதே புகை பத்தில் ஒரு பங்கு இடத்தில் அடைபடுகிறது. செறிவு பத்து மடங்காகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு நாங்கள் மருத்துவமனைக்கு ஓடியது தற்செயல் அன்று. புகைப்படக்காரர்கள் நண்பகலில் வந்தார்கள். புகை எங்களிடம் விடியலில் வந்தது.

நான்காம் தொடர்: ‘காற்றின் தரம் மிதமான அளவில் உள்ளது’

இதுதான் நான்கிலும் நயமான தொடர். இதில் எண் இருக்கிறது. எண் இருந்தால் அறிவியல் என்று நம்புகிறோம்.

நம் நாட்டில் 2014ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட காற்றுத் தரக் குறியீட்டெண், சுழியிலிருந்து 500 வரை செல்வது. நுண்துகள், கந்தக டையாக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன் முதலிய எட்டு மாசுகளை மட்டுமே அது கணக்கில் கொள்ளும். நெகிழியும் மின்கம்பி உறையும் அரைகுறையாக எரியும்போது பிறக்கும் பென்சீன், ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் போன்றவை அந்த எட்டில் இல்லை. எனவே குப்பைத் தீயின் முழு நஞ்சையும் அந்த எண் காட்டாது.

மேலும், நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியே எடுக்கப்படுகிறது. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். இரவு ஆறு மணி நேரம் 2.5 மைக்ரான் நுண்துகள் கனமீட்டருக்கு 210 மைக்ரோகிராம். மற்றப் பதினெட்டு மணி நேரம் 30. சராசரி 75. குறியீட்டெண்ணில் இது ‘மிதமானது’ என்ற படியில் விழும். ஆனால் அந்த ஆறு மணி நேரமும் நுரையீரல் சுவாசித்தது 210. நாள் முழுவதும் அப்படியே இருந்திருந்தால் ‘மிக மோசம்’ என்ற படியில் வைக்கத் தக்க காற்று. நுரையீரல் சராசரி எடுப்பதில்லை.

‘மிதமான’ என்ற சொல்லையும் கவனியுங்கள். தமிழில் மிதமான வெயில், மிதமான சூடு என்றால் இதமானது என்று பொருள். குறியீட்டெண் பட்டியலிலோ இந்தப் படிக்கு எதிரே, இளைப்பு, நுரையீரல், இதய நோயாளிகளுக்கு மூச்சுத் தொல்லை ஏற்படலாம் என்ற குறிப்பு இருக்கிறது. செய்தி சொல்லை எடுத்துக்கொண்டது; குறிப்பை விட்டுவிட்டது. எந்த நோயாளிக்காக அந்தக் குறிப்பு எழுதப்பட்டதோ, அவர் என் வீட்டுக் கட்டிலில் இருந்தார்.

இன்னொன்று, எந்த இடத்தின் எண் அது? ‘சென்னையின் காற்றுத் தரம்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். மணலியில் உள்ள கருவிக்கும் பெருங்குடிப் புகைக்கும் என்ன உறவு? வேளச்சேரிக் கருவிகூடப் புகை அதன் பக்கம் வீசினால்தான் அறியும். சித்திரை மாதத்தில் நண்பகல் வாக்கில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் புறப்படும். அது புகையை மடிப்பாக்கம் பக்கம் தள்ளும். காற்று திசை மாறினால் துரைப்பாக்கத்துக்காரர் இருமுவார். ஆகவே காற்றுத் திசை சொல்லாத புகைச் செய்தி, ஊர்ப்பெயர் சொல்லாத மழைச் செய்தியைப் போன்றது. அந்தச் சில நாள்களில் நான் படித்தவற்றில் காற்றுத் திசையை மணிவாரியாகக் குறிப்பிட்ட செய்தி ஒன்றுகூட இல்லை. மீனம்பாக்கம் வானிலை நிலையம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது!

பாராட்ட வேண்டியவை

குறையை மட்டும் சொல்லிப்போவது நியாயமன்று. அந்தப் புகைக்குள் நின்று செய்தி சேகரித்தவர்களின் துணிவைப் பாராட்ட வேண்டும். வீடு வீடாகச் சென்று குழந்தைகளின் இருமலையும் முதியோரின் திணறலையும் எழுதியவர்கள் உண்டு. பிளாஸ்டிக்கும் இரும்பும் பொறுக்கிப் பிழைப்பவர்கள் முகமூடிகூட இல்லாமல் இருந்ததைச் சிலர் எழுதினார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் கதையைச் சிலர் நினைவூட்டினார்கள். அதே ஆண்டில் அந்தச் சதுப்பு நிலம், சுமார் 1,248 ஹெக்டேர் பரப்போடு, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. பறவைகளுக்கு உலகம் தந்த மரியாதையின் பக்கத்திலேயே குப்பை எரிந்தது என்ற முரணை எடுத்துக்காட்டியது நல்ல பணி.

ஆனால் மனிதத் துயரத்தை எழுதும் கையும் அளவை எழுதும் கையும் ஒன்று சேரவில்லை. துயரம் முதல் பக்கத்தில் இருந்தது. எண் உள்பக்கத்தில் ஒரு மூலையில் இருந்தது. ஒன்று மற்றொன்றை விளக்கவில்லை. 2023ஆம் ஆண்டு மார்ச் 2இல் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு எரியத் தொடங்கி நாள்கணக்கில் புகைந்தபோதும் இதே தொடர்களைத் திரும்பப் படித்தேன்.

செய்தியில் என்ன இருக்க வேண்டும்?

பெரிய கருவிகளோ பேரறிஞர்களோ தேவையில்லை. ஐந்து வரி போதும். ஒன்று: இப்போது காற்று எத்திசையிலிருந்து, என்ன வேகத்தில் வீசுகிறது, இரவு எப்படி மாறும். இரண்டு: புகைக்கு மிக அருகில் உள்ள கருவியின் மணிவாரி அளவு, அக்கருவி எவ்வளவு தூரத்தில், எத்திசையில் உள்ளது. மூன்று: எரிவது என்ன பொருள். நான்கு: சுடராக எரிகிறதா, கனன்று புகைகிறதா, இன்று கிளறும் பணி உண்டா. ஐந்து: இன்று இரவு யார், எந்தப் பகுதியில், என்ன செய்ய வேண்டும். இந்த ஐந்தும் ஒரு சிறு கட்டத்துக்குள் அடங்கும். கிரிக்கெட் ஆட்டத்தின் எண்ணிக்கையைப் பந்துக்குப் பந்து அச்சிடும் நாளிதழுக்கு இது முடியாத காரியமன்று.

அதுவரை நாமே செய்துகொள்ளக் கூடியவை சில. மொட்டை மாடியில் துணி உலர்த்தும் கொடியில் ஒரு மெல்லிய துணிப்பட்டையைக் கட்டிவிடுங்கள். அது எத்திசையில் பறக்கிறது என்று பார்த்தால் புகை உங்களை நோக்கி வருகிறதா என்று தெரியும். இரவும் விடியலும் ஜன்னலை மூடுங்கள்; வெயில் ஏறிக் காற்று கலந்து, வெளியே நெடி குறைந்தபின் திறந்து உள்ளே தங்கிய புகையை வெளியேற்றுங்கள். மூடிய அறையில் புகை தானே படிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஒரு மைக்ரான் குறுக்களவுள்ள துகள், அசையாத காற்றில் ஒரு நாள் முழுவதும் விழுந்தாலும் ஏறக்குறைய மூன்று மீட்டர்தான் இறங்கும். துணி முகமூடி இத்துகளைத் தடுக்காது. என்-95 வகை தடுக்கும். ஆனால் அதுவும் வாயுக்களைத் தடுக்காது.

மாணவர்களுக்கு ஒரு வேலை. பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, விளக்குத் திரியை ஏற்றி அணைத்துப் பாருங்கள். சுடர் இருந்தபோதும், அணைந்த மறுநொடியும் புகை எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ‘தீ கட்டுக்குள் வந்தது’ என்று எங்கேனும் ஒரு செய்தி வந்தால், அந்தத் திரியை நினைத்துக்கொண்டு, ‘சரி, புகை எங்கே போகிறது?’ என்று அந்த இதழுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள்.

என் மாமியார் நலமாக இருக்கிறார். இப்போதெல்லாம் செய்தியில் ஏதாவது தீ என்று வந்தால், “காத்து எந்தப் பக்கம் அடிக்குதாம்?” என்று அவர்தான் முதலில் கேட்கிறார். அடியில் ஓடும் வரியில் அதற்கான விடையை இன்னும் நான் பார்க்கவில்லை.